அம்மாவின் ஆறு வாரம்

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பிரசவக் காசு கொடுக்க வேண்டும் என்று இலங்கையில் சட்டம் வந்தது 1939இல். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் என்று பெயர். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. கடை, கந்தோர் ஊழியர்களுக்கென்று தனியாக ஒரு சட்டம் 1954இல்தான் வந்தது. ஆக, கூடை கட்டி மலை ஏறிய எங்கள் பாட்டிமாரைச் சட்டம் முந்தியே கண்டுகொண்டது. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் எங்கள் லயத்து வாசலுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவள் நான். 1988இல் என் தங்கை அங்கே பிறந்தபோது எனக்குப் பதினாலு வயது; எல்லாம் நினைவில் இருக்கிறது. அம்மாவுக்கு அவள் மூன்றாவது பிள்ளை. அதுதான் சிக்கல். அன்றைய சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வாரம் லீவு, மூன்றாவது பிள்ளையிலிருந்து ஆறு வாரம்தான். பிறப்பதற்கு முன் இரண்டு வாரம், பிறந்த பின் நான்கு வாரம், மொத்தம் 42 நாள். மூன்று பிரசவத்தில் தேய்ந்த உடம்புக்கு முதல் பிரசவத்தின் ஓய்வில் பாதி போதும் என்று எப்படித் துணிந்து எழுதினார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அதே காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கு அரசாங்கம் 500 ரூபாய் கொடுத்தது. மூன்றாவது பிள்ளையைப் பெறாதே என்பதை லீவிலும் சொன்னார்கள், காசிலும் சொன்னார்கள். வந்து பிறந்துவிட்ட பிள்ளைக்குப் பால் வேண்டுமே என்பதை யாரும் நினைக்கவில்லை.

அம்மா லீவுக்குத் திட்டம் போட்டாள். எழுத்து வாசனை இல்லாதவள், எல்லாம் மனக்கணக்கு. முதல் காரியம், பேர் தவறாமல் பார்த்துக்கொள்வது. முழு நாள் வேலை செய்து, சொன்ன கிலோவையும் போட்டால் தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் ஒரு பேர் விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பிரசவக் காசு வேண்டுமென்றால் அதற்கு முந்திய ஒரு வருஷத்துக்குள் 150 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் வேலை நின்ற நாள்களையும், தம்பிக்கு அம்மை போட்டு அவள் வீட்டில் இருந்த நாள்களையும் கழித்துக் கழித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மசக்கையில் வாந்தி எடுத்த நாளிலும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனது அதற்காகத்தான். “ஒரு பேரு போனா அப்புறம் எங்க புள்ள தேடுறது?” என்பாள்.

பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதமும் பிந்திய மூன்று மாதமும் உடம்புக்குக் கேடான வேலை கொடுக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. நான் ஆசிரியையாகிய பின்னர்தான் அதைப் படித்தேன். அம்மாவுக்கு அந்தப் பிரிவு தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கப்பிள்ளையின் முகம்தான். அந்த மனுஷர் இரக்கமுள்ளவர். ஏழாம் மாதத்திலிருந்து அம்மாவைச் செங்குத்தான மேல்மலைக்கு ஏற்றாமல் ரோட்டோரத்து மலையிலேயே நிறுத்தினார். வேறு ஒருவர் இருந்திருந்தால் மேல்மலைதான். சட்டம் எழுதி ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆன பின்னும் வயிற்றுப் பிள்ளைக்காரியின் பாதுகாப்பு ஓர் ஆளின் குணத்தைப் பொறுத்திருந்தது.

அடுத்தது வீட்டுக் காரியம். மிளகு, மஞ்சள், மல்லி என்று சரக்கு அரைக்க வேண்டியதைச் சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சமாக வாங்கி டின்னில் போட்டு வைத்தாள். பழைய சேலைகளைக் கிழித்துத் துவைத்து மடித்தாள். விறகைச் சீக்கிரமே சேர்த்தோம். பிரசவக் காசை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் காசு அவள் கைக்கு வராது. சம்பள நாளில் பெண்களின் சம்பளத்தையும் வீட்டு ஆண்களே வாங்குவது எங்கள் தோட்டத்து வழக்கம். அப்பா கெட்டவரில்லை. வாங்கிய காசைக் கடைக்கடனுக்குக் கட்டினார். ஆனாலும் பத்து மாதம் சுமந்தவள் அந்த நோட்டை எண்ணிப் பார்க்கவேயில்லை.

அது ஜே.வி.பி. கலவரக் காலம். ஹர்த்தால் என்றால் பதுளைக்கு பஸ் கிடையாது. வலி வந்தபோது அம்மாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. தோட்டத்துப் பிரசவ வார்ட்டில், மருத்துவச்சி கையில் தங்கை பிறந்தாள். அப்படி வார்ட்டும் சாப்பாடும் கொடுக்கும் தோட்டம் பிரசவக் காசில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளவும் அன்றைய சட்டத்தில் இடம் இருந்தது.

நான்கு வாரம் கழித்து அம்மா மலைக்குப் போனாள். ஒரு வயது வரை பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு தடவை விட வேண்டும், பிள்ளைக் காம்பரா இருக்கும் இடத்தில் தடவைக்கு அரை மணி நேரம் என்பது சட்டம். அரை மணி நேரத்தில் மேல்மலையிலிருந்து காம்பராவுக்கு இறங்கவே முடியாது. அங்கே ஆயம்மா ஒருத்திதான். நடக்கிற பிள்ளைகளைப் பார்க்கவே அவளுக்கு இரண்டு கை போதாது. அதனால் அம்மாவின் மூன்றாவது திட்டம் நான்தான். ஒன்பதாம் வகுப்பில் இருந்த என்னை நிறுத்தினார்கள். அம்மாவின் லீவு முடிந்த இடத்தில் என் லீவு தொடங்கியது. தங்கையைச் சேலையில் கட்டி மலைக்குத் தூக்கிப் போவேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேயிலை அடியில் உட்கார்ந்து அம்மா பால் கொடுப்பாள். அவள் நெஞ்சில் ஈரச் சாக்கின் வாடை இருக்கும். தங்கை முகத்தைத் திருப்புவாள், பிறகு குடிப்பாள். அட்டை ஏறாமல் நான் இருவர் காலையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்னைப் போல் எத்தனையோ மூத்த பெண்பிள்ளைகள் அப்படி நின்றார்கள். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சேர் லயத்துக்கே நடந்து வந்து அப்பாவோடு பேசினார். அடுத்த வருஷம் மறுபடியும் வகுப்பில் உட்கார்ந்தேன். என்னோடு நின்ற மற்றவர்கள் வரவில்லை. பெண்பிள்ளை படிப்பை விட்ட காரணமாக ரெஜிஸ்டரில் வறுமை என்று எழுதுகிறோம். தாய்க்குக் கிடைக்காத லீவு என்றும் எழுதலாம்.

எனக்கு மகன் பிறந்தது 2006இல். அப்போது நான் அரசாங்க ஆசிரியை. 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கையில் இருந்தது: முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள், அதன்பின் அரைச் சம்பளத்தோடு 84 நாள், அதன்பின்னும் வேண்டுமென்றால் சம்பளம் இல்லாமல் 84 நாள். முதல் 84இல் சனி, ஞாயிறு, போயா, அரச விடுமுறை எதுவும் சேராது. ஐந்தாம் மாதத்திலிருந்து அரை மணி நேரம் பிந்தி வரலாம், அரை மணி நேரம் முந்திப் போகலாம். சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றி மேசையில் விரித்து, பென்சிலால் வட்டம் போட்டேன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப் பரிசில் வகுப்பை யாரிடம் ஒப்படைப்பது, சம்பளத்தில் பிடிக்கும் கடன் தவணை அரைச் சம்பளத்தில் தாங்குமா, அம்மா எப்போது வந்து நிற்பாள் என்று எழுதி எழுதிப் பார்த்தேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “புள்ளய பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடியும் கேட்டாள். வட்டம் போட்ட நாள்களை விரலால் தடவிப் பார்த்தாள். பொறாமை இல்லை, சந்தோஷம்தான். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவளுக்கு இரண்டு மணித்தியால நடைக்குள் அடங்கும் இதே உலகத்தில் நான்கு வாரம், எனக்கு விரும்பினால் வருஷத்தின் பெரும்பகுதி. கூலியில் ஆணும் பெண்ணும் சமம் என்று 1984இலேயே தோட்டத்தில் வென்றிருந்தோம். பெண்ணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் இருந்த இந்த வித்தியாசத்தைப் பற்றி அப்போது யாரும் மேடை போட்டுப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

தங்கை தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டாள், கொழுந்துதான் பறிக்கிறாள். 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். அடுத்த வருஷம் அவளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. மூன்றாவது பிள்ளையாகப் பிறந்ததால் தாயை நான்கு வாரத்தில் மலைக்கு விட்டுக்கொடுத்தவள், தன் மூன்றாவது பிள்ளையோடு பிரசவத்துக்குப் பின் பத்து வாரம் இருந்தாள். பிரசவக் காசை அவளே கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அம்மா அதைப் பார்க்க உயிரோடு இருந்தாள் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன எங்கள் சித்தியின் குடும்பம் கோத்தகிரிப் பக்கம் தேயிலையில்தான் இருக்கிறது. அங்கே 2017இலிருந்து 26 வாரம் லீவு. கேட்டதும் மலைத்துப்போனோம். ஆனால் அங்கேயும் முதல் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் 26, மூன்றாவதுக்கு 12. நாங்கள் 2018இல் அழித்த கோடு அங்கே இன்னும் இருக்கிறது.

இத்தோடு கதை நல்லபடியாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. இப்போது தம்பியின் மகள் முழுகாமல் இருக்கிறாள், முதல் பிள்ளை. போன மாதம் என்னிடம் வந்து, “அத்த, எனக்கு எத்தன நாளு லீவு? எப்ப எடுத்தா நல்லது?” என்று கேட்டாள். கலண்டரை எடுக்கப் போனவள் நின்றுவிட்டேன். அவள் பெயர் செக்ரோலில் இல்லை.

அவள் வேலை செய்யும் தோட்டத்தில் தேயிலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். புல் வெட்டுவது, உரம் போடுவது, பறிப்பது எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. கொழுந்தைத் தோட்டமே எடுக்கும், கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. உரம், மருந்துச் செலவைக் கழித்துக்கொள்ளும். பெரட்டு இல்லை, கங்காணியின் அதட்டல் இல்லை, நினைத்த நேரத்துக்குப் போகலாம் என்று என் மருமகள் இதை விரும்பித்தான் எடுத்தாள். அந்த விருப்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாகச் சங்கு சத்தத்துக்கு எழுந்தவர்கள் நாங்கள். ஆனால் நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 என்று வர்த்தமானியில் ஏறியபோது அது அவளுக்குப் பொருந்தவில்லை. ஈ.பி.எஃப். இல்லை. பிரசவக் காசைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில், “நீங்க லேபர் இல்லையே, பிள்ள” என்று சொல்லி அனுப்பினார்களாம்.

தேயிலை யாருக்காகவும் காத்திருக்காது. வாரம், பத்து நாளுக்கு ஒரு முறை பறிக்காவிட்டால் கொழுந்து முத்திப்போகும். முத்தியதை ஃபெக்டரி எடுக்காது. பன்னிரண்டு வாரம் அவள் வீட்டில் இருந்தால் அந்தப் பன்னிரண்டு வாரமும் வேறு யாராவது பறித்தே ஆக வேண்டும், அவர்களுக்குக் கைக்காசு அவளே கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு ஆறு வாரத்துக்குத் தோட்டம் கொஞ்சமாவது கொடுத்தது. பேத்தி லீவு எடுத்தால் அவள்தான் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் மற்றதெல்லாம் எவ்வளவோ மாறியிருக்கிறது. மிட்வைஃப் லயத்துக்கு வந்து பார்க்கிறார். கிளினிக் அட்டை இருக்கிறது, திரிபோஷா சத்துமா கிடைக்கிறது, பிரசவத்துக்கு பதுளை ஆஸ்பத்திரி என்று எழுதியாகிவிட்டது. அம்மா வலியோடு கிடந்த இரவைப் போல் ஓர் இரவு இவளுக்கு வராது என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. பெற்றெடுப்பது பத்திரமாகிவிட்டது. பெற்ற பின் பிள்ளையோடு இருப்பதுதான் பறிபோகிறது.

வேர் எங்கே என்று நான் யோசித்துப் பார்த்தேன். இந்த நாட்டில் பிரசவ லீவின் முழுச் செலவும் வேலை கொடுப்பவர் தலையில். அரசாங்கத்திடமோ காப்புறுதியிடமோ இதற்கென்று பொது நிதி கிடையாது. அதனால் பெண்ணை வேலைக்காரி என்று ஒப்புக்கொள்ளாமல் இருப்பதில் முதலாளிக்கு லாபம் இருக்கிறது. சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 2000ஆம் ஆண்டு 183ஆம் இலக்கச் சமவாயம் இதைத்தான் எச்சரிக்கிறது: 14 வாரம் கொடுங்கள், செலவைத் தனி முதலாளி தலையில் போடாமல் சமூகக் காப்புறுதியிலோ பொதுப்பணத்திலோ கொடுங்கள் என்கிறது. அப்படி ஒரு நிதி இருந்தால் கிலோவுக்குப் பறிக்கிறவளும், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போனவளும், பண்டாரவளையில் மரக்கறி மூட்டை தூக்குகிறவளும் அதற்குள் வரலாம். எங்கள் தொழிற்சங்கங்கள் நாள் சம்பளத்துக்குக் கொடுக்கும் மூச்சில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

நிதி வரும் வரை பிள்ளை காத்திருக்காது. அதனால் மருமகளும் நானும் உட்கார்ந்து முடிந்ததைச் செய்திருக்கிறோம். எட்டாம் மாதம் வரை மேட்டுப் பக்கம் தம்பி பறிப்பான், இறக்கத்தை அவள் பார்ப்பாள். பிறந்த பிறகு வாரத்தில் இரண்டு நாள் அவள் அம்மா, ஒரு நாள் என் தங்கை, மீதிக்குப் பக்கத்து லயத்துப் பெண்கள். முறைக்கு முறை, நாளை அவர்களுக்கு இவள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் அவள் தங்கச்சியின் பெயரை இதில் எழுத நான் விடவில்லை. எழுதத்தான் பார்த்தார்கள்.

இன்னொன்றும் செய்கிறோம். கொழுந்து நிறுத்த பிறகு கொடுக்கும் துண்டுகளை எல்லாம் தூக்கி எறியாமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். யாருடைய தராசில் நிறுத்தார்கள், எத்தனை கிலோ, உரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. அவள் யாருக்காக வேலை செய்கிறாள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. தேதி வாரியாக அடுக்கி, பிரதி எடுத்து, பதுளைத் தொழில் அலுவலகத்துக்கு அவள் பெயரில் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே தோட்டத்தில் இவளைப் போலவே முழுகாமல் இருக்கும் இன்னும் சில பெண்கள் தங்கள் துண்டுகளையும் கொண்டு வந்து தருகிறார்கள். மனுவை ஒரு பெயரில் அனுப்புவதா, எல்லார் பெயரிலும் அனுப்புவதா என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூடிப் பேசப்போகிறோம்.