பிக்கா, விரலா? நாச்சியாபுரப் பந்தல் சான்றுகளை முன்வைத்து ஒரு முன்னோட்ட ஆய்வு

1. தோற்றுவாய்

பேஸ் கிடாரைப் பிக்கால் (தந்தியை மீட்டும் சில்லால்) வாசிப்பதா, விரலால் வாசிப்பதா என்னும் வினா நாச்சியாபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில், மெல்லிசைக் குழுவின் முதல் பாட்டுக்கும் இரண்டாம் பாட்டுக்கும் நடுவே எழுந்தது. எழுப்பியவன் நான். வேறு யாருக்கும் அது தோன்றாததே இத்துறையில் ஆய்வு இடைவெளி உள்ளதற்குச் சான்று.

2. சிலம்பில் பிக்

எந்த ஆய்வும் சிலப்பதிகாரத்தில் தொடங்கியாக வேண்டும். கானல்வரியில் யாழ் வாசிப்புக்கு வார்தல், வடித்தல், உந்தல் என எட்டுக் கரணங்கள் வருகின்றன. பிக் வரவில்லை. வந்திருந்ததை ஏடெழுதியவர் விட்டுவிட்டார் என்று நிறுவுவது சில பேராசிரியர்களுக்கு ஒரு மாலை நேர வேலை. எனக்குப் பதவி உயர்வு ஏதும் நிலுவையில் இல்லாததால் மேலே செல்கிறேன்.

3. காரைக்குடி மரபு

வீணையில் சுரம் வாசிக்கும் தந்திகள் நான்கு; பேஸ் கிடாருக்கும் நான்கே. நகமா, விரலில் மாட்டும் கம்பியா என்ற வழக்கு வீணைக்காரர்களிடமும் உண்டு. பிடிப்பதிலும் இரு கட்சி உண்டு. வீணைக் கலைஞர்களான காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார். இளையவர் சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் கிடத்தி வாசித்தார். 1952-ல் சங்கீத கலாநிதியும் ஆனார். ஒரே மேடையில் நின்ற வீணையும் கிடந்த வீணையும் ஒத்துப்போயின. நடுவில் ஆய்வாளர் எவரும் உட்காராததே காரணம்.

4. ஒலியியல்

பேஸின் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. பிக்கின் கெட்டி விளிம்பு தட்டினால் மேல் அதிர்வுகளும் கூடத் தெறித்து ‘டக்’ என்கிறது. விரலின் சதை அவற்றை அமுக்கி ‘தும்’ என்கிறது. தெருவில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு 41 எட்டாது. ‘டக்’ மட்டும் எட்டும். ஆகவே விரலால் வாசிப்பவர், தெருக்கோடிக்காரர்களைப் பொறுத்தவரை, கச்சேரிக்கே வரவில்லை.

5. மேல்நாட்டார்

மேல்நாட்டு பேஸ் கலைஞர்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றைச் சுட்டுவிரலால் வாசித்தார். கேரல் கே பிக்கால் வாசித்தார். இருவர் பாட்டும் ஓடின.

6. பிக் தொலைதல்

பிக் என்பது மூலை மழுங்கிய முக்கோண பிளாஸ்டிக் சில்லு. சாதாக் கிடாருக்கு வயிற்றில் ஓட்டை உண்டு. உள்ளே விழுந்த பிக்கைக் கவிழ்த்து உலுக்கி எடுக்கலாம். எலெக்ட்ரிக் பேஸுக்கு வயிறு கெட்டிக் கட்டை. ஆகவே பிக் உலகத்துக்குள் விழுகிறது.

விழுந்த இடங்கள்: ஜமுக்காள மடிப்பு (வாய்மொழி: பந்தல்காரர்). கீபோர்டுக்காரரின் செருப்பு (வாய்மொழி: அதே பந்தல்காரர், காபிக்குப் பின்). மூன்றாம் இடம் விரிவான சான்றுடையது. காண்க: இரண்டாம் பந்தி, தென்வரிசை, ஏழாம் இலை, வெள்ளைப் பணியாரத்துக்கு வடமேற்கே, காரச் சட்னிக்கு அடியில். கண்டெடுத்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. ‘பெண்ணின் சித்தப்பா’ என்றும் பாடம். அவர் அதை ‘மாங்காய் வற்றல்’ என்று உரை கொண்டார். கடித்த பிறகு அவ்வுரையைக் கைவிட்டார். தம் உரையைக் கடித்துப் பார்த்துக் கைவிட்ட உரையாசிரியர், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவரே.

7. பிக், விரல் இரண்டாலும் வாசிப்போர்

அட்டவணையைக் குழப்புவதால் நீக்கப்பட்டனர்.

8. கட்டைவிரல்

1951-ல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில், மெல்லிய தந்திக்குக் கீழே ஒரு சிறு கட்டை இருந்தது. மற்ற விரல்களை அதில் ஊன்றிக்கொண்டு கட்டைவிரலால் மீட்டத்தான் அந்த ஏற்பாடு. ஆக, இரு கட்சியும் தோற்றன. ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது; அந்த ஒரு தகுதியில் அவரும் இசையாய்வாளர்களும் சமம்.

9. முடிவுரை

கச்சேரி முடிந்ததும் பேஸ் வாசித்த பையனிடம் கேட்டேன்: “தம்பி, கடைசி மூணு பாட்டும் பிக்தானே?”

“பிக்கைத்தான் காணோமேண்ணே. மூணும் விரல்தான்.”

என் குறிப்பேட்டில் அம்மூன்றுக்கும் நேரே ‘ஐயமற்ற பிக் ஒலி’ என்று பதிவாகியிருக்கிறது. மூலத்தைத் திருத்துவது ஆய்வு நெறியன்று என்பதால் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.