ஜாக்கிரதையாவே அழிச்சிட்டேன் மாமா

ஏ மருமவனே, நீ எழுதினதை உன் மவ நேத்து எனக்கு வாசிச்சுக் காட்டினா. ஏஐ ஏஜென்ட் கையில டெலிட் டூல் ஒண்ணு கொடுக்கப் போறியாம், அதுக்கு விளக்கம் எழுதியிருக்கியாம். மொத்தமே ரெண்டு வரி. “பதிவுகளை நீக்கும். எச்சரிக்கையுடன் பயன்படுத்தவும்.” அடேயப்பா! எவ்வளவு சம்பளம் வாங்குதே நீ?

எச்சரிக்கைன்னா ஏஜென்ட்டுக்குக் கை நடுங்குமா, நாக்கு வறளுமா? “ஜாக்கிரதையாவே அழிச்சிட்டேன் மாமா”ன்னு பச்சை டிக் போட்டுப் பதில் எழுதிட்டு அடுத்த சோலிக்குப் போயிரும். பயமுறுத்தி எழுதினா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறது உங்க ஆளுகளுக்குப் பழைய வியாதி. ஸ்டீம்னு ஒரு விளையாட்டு மென்பொருள் இருக்காம்ல. 2015 ஜனவரியில அதோட லினக்ஸ் ஸ்கிரிப்டால ஒருத்தரோட ஃபைலெல்லாம் போச்சு. ஃபோல்டர் பேரை எடுத்து, அதுக்குக் கீழே உள்ளதைத் துடைக்கிற வரி அது. அவரு ஃபோல்டரை இடம் மாத்தி வச்சிருந்தாரு. பேரு வெத்தா வந்துது. பேரு போனா மிச்சம் ஒரு சாய்கோடு; லினக்ஸ்ல தனிச் சாய்கோடுன்னா மொத்த வீடும்லா! செருகி வச்சிருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்து காலி. இதுல கூத்து என்னன்னா, அந்த வரிக்கு மேலேயே ‘பயமா இருக்கு’ன்னு இங்கிலீஷ்ல ஒரு குறிப்பு. எழுதினவருக்குப் பயம் இருந்திருக்கு, பூட்டு இல்லை.

அதனால மொதல்ல இதை எழுது: எதை அழிக்கணும்னு சொல்லாம வெத்தா விட்டா உன் டூல் என்ன செய்யும்? ‘எல்லாத்தையும்’னா, எழுதுறதை நிறுத்திட்டுப் போய்க் கோடைத் திருத்து.

டூலுக்கு ‘கிளீனப்’னு பேரு வேற வச்சிருக்கே. நல்ல பேருதான், கல்யாணப் பத்திரிகையில போடலாம். நாளைக்கு ஒருத்தன் “இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சுத்தம் பண்ணு”ன்னு ஏஜென்ட்டுகிட்டச் சொல்லுவான். அது டூல் பட்டியலைப் பாக்கும். கிளீனப்! வேற எதை எடுக்கும்? கஸ்டமர் பதிவை அழிக்கிற டூலுக்கு, கஸ்டமர் பதிவை அழிக்கிறதுன்னே பேரு வை. கூடவே அந்தப் பதிவோட ஆர்டரும் பில்லும் சேர்ந்து போகுமா, போனது எத்தனை நாளைக்குக் குப்பைத்தொட்டியில கிடக்கும், யாரு மீட்கலாம், அதையும் சொல்லு.

மீட்கிறது சின்ன விஷயமில்லைடே. 2025 ஜூலையில ரெப்லிட்ங்கிற கோடிங் தளத்தோட ஏஜென்ட் ஜேசன் லெம்கின்ங்கிறவரோட நிஜ டேட்டாபேஸை அழிச்ச கதை உனக்குத் தெரியாததா? எதையும் தொடாதேன்னு அவரு திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாரு. 1,200-க்கு மேல கம்பெனி அதிகாரிங்க விவரம் போச்சு. ஏன்னு கேட்டா ‘பதறிட்டேன்’னுதாம். திரும்ப எடுக்கவே முடியாதுன்னும் அடிச்சுச் சொல்லிச்சு. அவரு எடுத்துப் பாத்தாரு, வந்துட்டு! அப்புறம் ரெப்லிட் தலைவர் அம்ஜத் மசாத் மன்னிப்புக் கேட்டு, சோதனை டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் பிரிச்சு வைக்க ஏற்பாடு பண்ணினாரு. எச்சரிக்கையைப் பெரிய எழுத்துல போடுறேன்னா சொன்னாரு? தடுப்புல்லா கட்டினாரு.

இன்னொண்ணு. ‘பழைய 100 பதிவை அழி’ன்னு ஒரு வசதி வச்சிருக்கே. பாதியில நெட்டு திணறி டைம்அவுட்னு வந்தா ஏஜென்ட் என்ன செய்யும்? நல்ல வேலைக்காரன், மறுபடியும் கூப்பிடும். மொத தடவையே அழிஞ்சிருந்தா? இன்னொரு 100 போகும். ஆளு ஒண்ணும் கெட்டதில்லை. களை பறிக்க விட்டா, சாயங்காலம் ஆகலைன்னு நாத்தையும் பறிச்சுப்போடுற சுறுசுறுப்பு, அவ்வளவுதான்.

உன் எர்ரர் மெசேஜைப் படிச்சப்பதான் நான் வெத்தலையைத் துப்பிட்டுச் சிரிச்சேன். “அழிக்க முடியவில்லை. ஃபோர்ஸ் ட்ரூ என்று கொடுத்தால் தடையை மீறலாம்.” வாசல்ல பூட்டைப் போட்டு, சாவி எந்த மாடத்துல இருக்குன்னு பலகையும் மாட்டியிருக்கியே! மனுசன்னா கொஞ்சம் யோசிப்பான். அது ‘அப்படியா, நன்றி’ன்னு அடுத்த நொடியே ஃபோர்ஸ் போடும். எர்ரர்ல எழுதுறதும் விளக்கம்தான்டே. ‘நிறுத்து, பொறுப்பாளரைக் கேளு’ன்னு எழுதினா என்ன, கை வலிக்குமா?

ஏஐக்கு டூலை மாட்டிவிடுற எம்.சி.பி. முறையில ‘டெஸ்ட்ரக்டிவ் ஹின்ட்’னு ஒரு குறி இருக்குன்னு உன் மவ சொன்னா. டூல் வெறுமனே வாசிக்கிற வகைன்னு சொல்லாம, இந்தக் குறியையும் போடாம விட்டா, அது அழிக்கும்னே எடுத்துக்கிடணுமாம். புத்தியுள்ளவன் எவனோ வச்சிருக்கான். ஆனா அதுவும் ஹின்ட்தான். நம்பிக்கையில்லாத சர்வர் சொல்ற குறியை நம்பாதேன்னு எம்.சி.பி. ஆவணமே சொல்லுதாம்.

கடைசியில ‘கன்ஃபர்ம்: ட்ரூ’ன்னு ஒரு கட்டம் வச்சிருக்கே பாரு, அதான் உச்சம். அதை யாரு நிரப்புவா? ஏஜென்ட்டே. கேள்வி கேக்கறதும் அதுதான், ‘ஆமா’ங்கிறதும் அதுதான். மொதல்ல டிரை ரன்ல ‘இத்தனை பதிவு போகும், இன்ன இன்ன பேரு’ன்னு காட்டணும். அதைப் பாத்து ஒரு மனுசன் டோக்கன் கொடுத்தாத்தான் அழியணும். அந்த டோக்கன் ஏஜென்ட் கைக்கு எட்டாத இடத்துல இருக்கணும்.

அதெல்லாம் செஞ்சிட்டேன் மாமாங்கிறியா? கெட்டிக்காரன்தான். டோக்கன் போடுற சாவியை எந்த ஃபைல்ல வச்சிருக்கே? டாட் என்வியா? ஏஜென்ட் ஓடுற அதே ஃபோல்டர்லயா?

நினைச்சேன்.