அடுப்படிக்கு நிதிக் குறிப்பு இல்லை

மசோதா வந்தால் கஜானாவுக்கு எவ்வளவு செலவு என்று ஒரு குறிப்பு வைப்பார்கள். அடுப்படிக்கு எவ்வளவு என்று எவரும் வைப்பதில்லை. மானியக் கோரிக்கையில் வராத துறை அது.

2023 ஏப்ரல் 21. தமிழ்நாடு சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள். நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் போட்ட வரம்பிலிருந்து, அரசு நினைத்த ஆலைக்கெல்லாம் விலக்குத் தர ஒரு திருத்தம். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. குரல் வாக்கெடுப்பு. 12 மணி நேர வேலைக்கு ஒரே மூச்சில் சம்மதம்.

நாலு நாள் உழைத்தால் மூன்று நாள் லீவு என்று ஆசை வேறு காட்டினார்கள். குழந்தை அந்த மூன்று நாளுக்குச் சேர்த்து வைத்துப் பசிக்குமாம். மாமியார் சேர்த்து வைத்து மாத்திரை கேட்பாராம்.

குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று மதிப்பிட வல்லுநர் குழுவா வேண்டும்? கோட்டையிலிருந்து ஓர் அதிகாரியை விடிகாலையில் மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுங்கள். கப்பலூர் சிட்கோவுக்கு வேலைக்குப் போகிற ஓர் அக்காவிடம் கணக்குக் கேட்கட்டும். வேலை 12 மணி. போக வர 2. தண்ணீர் பிடிக்க, சோறு வடிக்க, பாத்திரம் விளக்க 4. மிச்சம் 6. அதில் தூங்கலாம், இல்லையென்றால் பிள்ளை முகத்தைப் பார்க்கலாம், அதுவும் தூங்குகிற முகத்தை. 'பாதிப்பு ஏதுமில்லை' என்று படிவத்தில் எழுத அதிகாரி பேனா கேட்டால், அக்கா கையில் அப்போது இருப்பது விளக்குமாறாகத்தான் இருக்கும்.

அதே ஏப்ரலில் இன்னொரு கருணை. சிறப்பு உரிமம் வாங்கினால் கல்யாண மண்டபத்திலும் விளையாட்டு மைதானத்திலும் மது பரிமாறலாம் என்ற விதி வெளிச்சத்துக்கு வந்தது. கூலியை டாஸ்மாக் பார்த்துக்கொள்கிறது. மொய்ப்பணம் மட்டும் தப்பி ஓடுகிறதே என்ற கவலை போலும். ஊர் கத்திய பிறகு மண்டபத்தை மட்டும் விட்டுவிட்டு, விளையாட்டு மைதானத்தை வைத்துக்கொண்டார்கள்.

டெல்லிக்காரர்கள் இன்னும் நேர்த்தி. சட்ட வரைவை 30 நாளாவது மக்கள் முன் வைக்க வேண்டும், பிழைப்புக்கு என்ன ஆகும் என்றும் சொல்ல வேண்டும் என்று 2014இல் மத்திய அரசே முடிவெடுத்திருந்தது. 2020 செப்டம்பரில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை, எதிர்க்கட்சிகள் புறக்கணித்த அவையில், இரண்டே நாளில் இரு சபைகளையும் தாண்ட வைத்தார்கள்.

இங்கே நம் 12 மணி நேர மசோதாவை 2023 ஏப்ரல் 24இல் நிறுத்திவைத்தார்கள். மே 1இல் வாபஸ் அறிவிப்பு. தொழிற்சங்க முன்னோடி சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிச் சரியாக நூறு வருஷம். நூற்றாண்டு விழாவுக்கு இவர்கள் முதலில் எடுத்து வைத்திருந்த சீர், தொழிலாளியின் எட்டு மணி நேரத்துக்குக் கருமாதி. தொழிற்சங்கங்கள் தெருவில் இறங்கியதால் அது நின்றது. அதற்கும் நாம்தான் நன்றி சொல்ல வேண்டுமாம். அடிக்க ஓங்கிய கையைக் கீழே இறக்கியவருக்கு மாலையாம், போஸ்டராம்.

'ஆம்' என்று குரல் கொடுத்த உறுப்பினர்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அன்று மதியம் உங்கள் வீட்டில் சோறு வடித்தவர் எத்தனை மணிக்கு எழுந்தார், ஐயா?