முன்கள வீரரைக் கால்வழி நிறுத்தல்: முடிச்சூர் மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

இரண்டு முன்கள வீரர்களை வைத்து ஆடும் அணியில் இடதுகாலனை எந்தப் பக்கம் நிறுத்துவது? இவ்வினாவுக்குத் தமிழில் தனிநூல் இல்லை. இத்தனை உலகத் தமிழ் மாநாடுகள் நடந்தும் ஓர் அமர்வுகூட இதற்கு ஒதுக்கப்படவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது என்று சொல்வது மரபு, சொல்லிவிட்டேன்.

ஆய்வுக்களம், முடிச்சூரில் என் அண்ணன் வீட்டு மொட்டைமாடி. ஆய்வுக்கு உட்பட்டோர், அண்ணன் மகனும் அவன் கூட்டாளியும். ஆய்வுக்கருவி, விசிறி சத்தம் போடும் ஒரு லேப்டாப்பும் அதிலுள்ள ஃபுட்பால் மேனேஜர் விளையாட்டும். அறியாதார்க்கு ஒரு குறிப்பு: இவ்விளையாட்டில் பந்தை உதைக்க முடியாது. ஆளை வாங்கலாம், விற்கலாம், நிறுத்தலாம், திட்டலாம். உதைப்பது கணினியின் வேலை. பால், ஆலிவர் காலியர் என்ற ஆங்கிலேயச் சகோதரர்கள் 1992-இல் சாம்பியன்ஷிப் மேனேஜர் என்ற பெயரில் தொடங்கிவைத்த குலம் இது. வீரனின் வேகம், நிதானம், தைரியம் எல்லாவற்றுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண் உண்டு. கால்களுக்கோ மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, 'மிக வலிது' முதல் 'மிக மெலிது' வரை சொல்லால் குறிப்பார்கள். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

"மச்சி, லெஃப்ட் ஃபுட்டரை லெஃப்ட்லயே போட்டா ஆங்கிள் கிடைக்காதுடா."

"ரைட்ல போட்டா கிராஸ் யாருடா போடுவா, உங்க தாத்தாவா?"

"சித்தப்பா, நீங்களே சொல்லுங்க!"

சித்தப்பா சொல்லவில்லை. குறிப்பேடு எடுத்தார்.

வீரர் நால்வகையினர். வலங்காலர், இடங்காலர், இருகாலர், எந்தக் காலும் உதவாதார். நான்காம் வகையினர் விலை குறைவு என்பதால் பருவ இறுதியில் பணம் தீர்ந்த மேனேஜர்களால் பெரிதும் விரும்பப்படுவர். மூன்றாம் வகை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இடங்காலனை இடப்பக்கமே நிறுத்துக என்போர் நேர்க்கால் வாதியர். அவன் கோட்டோரம் ஓடி, உடம்பைத் திருப்பாமல் நடுவே பந்து தூக்கித் தருவான் என்பது இவர்தம் துணிபு. வலப்பக்கம் நிறுத்துக என்போர் மாறுகால் வாதியர். வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டும்போது இடங்காலனின் முன்னே கோல் முழுதும் விரியும். பாதத்தின் உட்புறத்தால் வளைத்துத் தொலைகம்பத்தின் ஓரம் விடலாம். பயர்ன் மியூனிக்கின் ஆர்யன் ராபன் பத்தாண்டு இதையே செய்தார். வெட்டப்போகிறார் என்று மைதானத்துக்கே தெரியும், தடுக்கத்தான் ஆளில்லை. நம் பக்கத்துச் சான்றும் உண்டு. 2023 ஆகஸ்ட் 12, டுராண்ட் கோப்பை, கொல்கத்தா. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் ஈஸ்ட் பெங்காலுக்காக வலது ஓரத்தில் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி, இடது காலால் அடித்த ஒரே கோலில் மோகன் பகான் தோற்றது.

இங்கே உரைமரபை நோக்குக. "வலப்பக்கம் நிறுத்தினால் ஃபுல்பேக் பின்னாலிருந்து ஓடிவர வேண்டும்" என்கிறார் மாடிப்படி உரைகாரர் (வாட்ஸாப் குரல்பதிவு, 2 நிமிடம் 40 விநாடி, இடையே மூன்று குக்கர் விசில்). இதை மறுத்து, "ஃபுல்பேக் வந்தால் காலி இடம் யார் பார்ப்பது?" என்கிறார் கூட்டாளி (மறுப்புரை, அதே குழு, நள்ளிரவுப் பதிப்பு, பிற்பகுதி "திஸ் மெசேஜ் வாஸ் டெலீடட்" எனச் சிதைந்துள்ளது). சிதைந்த பகுதியை மீட்டெடுக்க முயன்றோம். அதில் பெரும்பாலும் வசை இருந்திருக்கலாம் என்பது அண்ணன் மகனின் ஊகம். அது செய்யுள் நடையில் இருந்தது என்பது என் துணிபு.

ஆளை இடம்மாற்றி வெற்றி காணும் கலையில் நமக்கு மூத்தவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். பாட்டின் ஒரு கோடியில் கிடக்கும் சொல்லைப் பிடுங்கி மறுகோடியில் நட்டுப் பொருள் காண்பதில் அவருக்கு இணை இல்லை. மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் இதற்காக அவரோடு மல்லுக்கு நின்றார். நச்சினார்க்கினியரிடம் சென்னையின் எஃப்.சி. அணியைக் கொடுத்திருந்தால் கோல்கீப்பரை இடது ஓரத்தில் நிறுத்திவிட்டு, அதற்கும் ஒரு மேற்கோள் வைத்திருப்பார்.

வலம், இடம் என்னும் இப்பகுப்பு சென்னைக்குப் புதிதென்று சொல்வோர் வரலாறு அறியாதார். வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரண்டு கட்சியாகி, எந்தத் தெரு எவருக்கு என்று அடித்துக்கொண்ட பட்டினம் இது. 1707-இல் சண்டை முற்றி, ஆளுநர் தாமஸ் பிட் நடுவராகி, வலங்கையார் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்கே போய்விட்டார்கள். கையை வைத்து ஊரைப் பிரித்தவர்களின் வழியில் வந்தவர்கள் காலை வைத்து மாடியைப் பிரிப்பதில் வியப்பென்ன?

இனி மூலத்துக்கு வருவோம். எதை ஆராய்ந்தாலும் அதன் மூலம் தமிழகத்தில்தான் என்று நிறுவாவிட்டால் ஆய்வேட்டுக்கு மதிப்பில்லை என்பதை நான் பட்டம் பெற்ற பலரிடம் கண்டிருக்கிறேன். தில்லையில் கூத்தப்பெருமான் வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்கியிருக்கிறார். எனவே அவர் இடங்காலர். இது வெளிப்படை. ஆனால் மதுரை வெள்ளியம்பலத்தில் வலக்காலைத் தூக்கியிருக்கிறார். எனவே வலங்காலர். இம்முரணுக்கு விடை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், கால் மாறி ஆடிய படலத்தில் உள்ளது. ஆடற்கலை பயின்ற ராசசேகர பாண்டியனுக்கு உடம்பெல்லாம் வலி. நமக்கே இப்படியென்றால் ஓயாமல் ஒரே காலில் நிற்கும் இறைவனுக்கு எப்படி நோகும் என்று கலங்கி, கால் மாற்றி ஆடும்படி வேண்டினான், அவரும் ஆடினார். ஃபுட்பால் மேனேஜரில் பலவீனமான காலைப் பழக்க ஒரு பயிற்சி உண்டு. அது மாதக்கணக்கில் ஆகும், பெரும்பாலும் பலிக்காது. பாண்டியன் ஒரே இரவில் முடித்திருக்கிறான். ஆகவே தமிழகத்தின் முதல் மேனேஜர் ராசசேகரனே.

இதில் அறிஞர் இருவேறு பட்டனர். தூக்கிய கால்தான் உதைக்கும் கால் என்பர் ஒருசாரார். ஊன்றிய காலின்கீழ் முயலகன் கிடக்கிறான், எனவே செயல்பட்ட கால் அதுவே; தூக்கிய கால் வெறும் சமநிலைக்கு என்பர் மற்றொரு சாரார். பின்னதை ஏற்றால் தில்லையார் வலங்காலர், மதுரையார் இடங்காலர் என்று எல்லாம் தலைகீழாகும். இருபத்தெட்டு அடிக்குறிப்புகளை மீண்டும் எழுத வேண்டும். ஆதலால் அதை ஏற்கவில்லை. திருவாலங்காட்டுச் சான்றை இருதரப்பும் தவிர்ப்பது குறிப்பிடத்தக்கது. அங்கே காளியோடு ஆடிய போட்டியில் கால் தலைக்கு மேலே போய்விடுகிறது. இன்றைய விதிப்படி அபாயகரமான ஆட்டம், மறைமுக ஃப்ரீகிக். "காளிதேவி ரெஃப்ரியிடம் முறையிட்டிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும்" (மொட்டைமாடிக் கருத்தரங்கு, மூன்றாம் அமர்வு, கொசுவர்த்தி அணையும்வரை நடந்த விவாதம், திருத்திய பதிப்பு, தலைமை: தண்ணீர்த்தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவர்).

இதையெல்லாம் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று எண்ணும் வாசகர், உண்மையிலேயே இப்படி எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று அறிக. 1998 உலகக்கோப்பை ஆட்டங்களைப் பார்த்து, யார் எந்தக் காலால் பந்தைத் தொட்டார் என்று கணக்கெடுத்து, கேரி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2001-இல் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் சயன்ஸஸ் இதழில் கட்டுரை எழுதினார்கள். வீரர்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் வலங்காலர். ஊர்மக்களிடம் இருப்பதும் அதே அளவுதான். அதைவிட ருசியான முடிவு ஒன்று: மற்றக் காலை அவர்கள் அபூர்வமாகவே பயன்படுத்தினார்கள், பயன்படுத்தியபோது அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவே திறமையாக வேலை செய்தது. இதை மாடியில் வாசித்துக் காட்டினேன். இரு கட்சியும் முதல்முறையாக ஒன்றுபட்டு, "போங்க சித்தப்பா" என்றன.

இன்னொரு சங்கடமான சான்று. 2018 மார்ச் 17, பெங்களூரு, ஐ.எஸ்.எல். இறுதியாட்டம். சென்னையின் எஃப்.சி. 3-2 என்று வென்று இரண்டாம் முறை கோப்பை தூக்கியது. அதில் இரண்டு கோல்கள் மெய்ல்சன் ஆல்வெஸ் அடித்தவை. அவர் முன்கள வீரரல்லர், தடுப்பாட்டக்காரர். இரண்டும் காலால் அல்ல, கார்னரிலிருந்து தலையால். கால்கொள்கை முழுவதையும் இது கவிழ்த்துவிடும் போலத் தோன்றும். அஞ்ச வேண்டா. கொள்கைக்கு ஒவ்வாத பாடலை நம் பதிப்பாசிரியர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்துவிட்டேன்: அவ்விரு கோல்களும் இடைச்செருகல்.

இறுதியாகக் களஆய்வு. லேப்டாப்பை மூடிவிட்டு இருவரும் வீட்டுக்குப் பின்னாலுள்ள காலிமனையில் உண்மைப் பந்து ஆடப் போனார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகு ஓடிய ஊர் இது. மழை விட்டு இரண்டு வாரமாகியும் மனையின் இடப்பாதியில் பாசி பிடித்த தண்ணீர். வலப்பாதியை ஒட்டி, மேலே கண்ணாடிச்சில் பதித்த மதில். உள்ளே பந்து போனால் அந்த வீட்டு அம்மா மறுநாள்தான் தருவார். ஆகவே நேர்க்கால்காரன், மாறுகால்காரன் இருவரும் நடுவிலுள்ள நாலடி அகலத்தில் ஓடினார்கள். செருப்பை வைத்துக் கட்டிய கோலில் விழுந்த ஒரே கோல் அண்ணன் மகனின் முழங்காலில் பட்டுத் திரும்பியது. எந்த முழங்கால் என்று குறித்துக்கொள்ளத் தவறவில்லை. வலது.

என் முடிபு வருமாறு. இருவரை முன்னே நிறுத்தும்போது இடங்காலனை வலப்பக்கமும் வலங்காலனை இடப்பக்கமும் நிறுத்துக. கிராஸ் போட வேறு ஆள் பார்த்துக்கொள்க. முடிச்சூரில் கார்த்திகை முதல் தை வரை இவ்விதி செல்லாது. மறுப்புரை எழுத விரும்புவோர் தாராளமாக எழுதி அனுப்பலாம். குரல்பதிவு மட்டும் வேண்டாம்.