காதில் மட்டும் ஃபோகஸ்

இதுவரை ஏழு குறும்படம் எடுத்திருக்கிறேன். ஏழையும் சேர்த்து யூடியூபில் 412 பார்வை. அதில் முந்நூறாவது என்னுடையதாக இருக்கும். மிச்சத்தில், கார்ட்டூன் தேடிய அத்தையின் பேரன் கை தவறி அமுக்கியதும் சேர்த்தி.

மற்றவர்களுக்கு முதலில் மனதில் ஒரு கதை வரும்; அதற்குப் பிறகு கேமராவைத் தேடுவார்கள். எனக்கு முதலில் வருவது ஒரு ஷாட். அதுவும் என்னுடையது இல்லை; யாரோ ஒரு மகா ஒளிப்பதிவாளர் எப்போதோ எடுத்தது. அதை எப்படியாவது நம் வீட்டிலும் எடுத்துவிட வேண்டும், அதற்குத் தோதாகக் கதை ஒன்றைத் தைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுவேன். கீழே கிடந்த அங்குசத்தை எடுத்து வைத்துக்கொண்டு யானை விலை விசாரிக்கிற ஆள் நான்.

இந்த நோய் தொற்றியது 2010-இல். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் கேனான் 5டி மார்க் 2 வந்திருந்தது. பார்த்தால் போட்டோ கேமரா, பொத்தானை அமுக்கினால் ஃபுல் எச்டி வீடியோ. பின்னணி வெண்ணெயாக உருகி, முகம் மட்டும் துலங்கி நிற்கிற அந்தச் 'சினிமா லுக்' வாடகைக்குக் கிடைத்தது. மதுரையில் கல்யாண வீடியோக்காரர்களிடம் நாள் வாடகை 1,500 ரூபாய். கலைஞர் டிவியில் 'நாளைய இயக்குநர்' ஓடிக்கொண்டிருந்த காலம். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் என்று ஒரு கூட்டமே குறும்படத்திலிருந்து கிளம்பி, 2012-லும் 2013-லும் 'பீட்சா', 'சூது கவ்வும்' என்று பெரிய திரைக்குப் போய்விட்டது. பாலாஜி மோகன் காதலில் சொதப்புவது எப்படி என்று முதலில் குறும்படமும் பிறகு பெரும்படமும் எடுத்தார். நான் படம் எடுத்துச் சொதப்பிக்கொண்டிருந்தேன்.

முதல் படத்தின் கதை: காதலியின் போனுக்காக ஒருவன் காத்திருக்கிறான். முழுக்கதையும் இவ்வளவுதான். நாயகன் என் பள்ளித் தோழன். 50 எம்எம் லென்ஸை 1.8-க்குத் திறந்து வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அது திறக்காது, திறந்தால் திறந்திருப்பேன். அப்படி முழுசாகத் திறந்து பக்கத்தில் போய் நின்றால் ஃபோகஸில் நிற்கும் ஆழம் விரல் கனம்கூட இருக்காது. கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் மூக்கு மங்கும். சினிமாவில் இந்த ஒரு வேலைக்கென்றே ஃபோகஸ் புல்லர் ஒருவர் டேப் பிடித்து அளந்துகொண்டு நிற்பார். என்னிடம் ஏது ஃபோகஸ் புல்லர்? பட்டப்பகல் வெயிலில் மூன்று அங்குலத் திரையைப் பார்த்து, "சூப்பர்டா மாப்ள, அப்படியே இரு" என்றேன். அவன் அப்படியே இல்லை. உணர்ச்சிவசப்பட்டு இரண்டு அங்குலம் முன்னால் சாய்ந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் முகம் முழுக்கப் பனிமூட்டம். காது மட்டும், ஆஹா, அந்தக் காது! ஒவ்வொரு மயிரும் எண்ணலாம். சின்ன வயதில் குத்தித் தூர்ந்துபோன துளைகூடத் தெரிகிறது. ஒன்பது நிமிஷப் படத்தில் ஆறு நிமிஷம் காது.

ஒரு கல்லூரி விழாவில் அதைத் திரையிட்டார்கள். முடிந்ததும் முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, "கேட்பதற்காகவே வாழும் ஒரு மனிதனின் அக உலகத்தை, முகத்தை மறைத்துக் காதை மட்டும் காட்டிச் சொன்ன துணிச்சல் இருக்கிறதே…" என்று ஆரம்பித்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "சார், ஃபோகஸ் போயிடுச்சு" என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆமாம் சார், நாலு மாசம் யோசிச்சோம்" என்றேன். பக்கத்தில் நின்ற நாயகன் என் முதுகில் கிள்ளிய இடம் ஒரு வாரம் வலித்தது.

அந்தப் பொய்க்குக் கிடைத்த கைதட்டல்தான் அடுத்த ஆறு படங்களுக்கும் காரணம். பேராசிரியரைக் குறை சொல்லவில்லை.

இரண்டாவது, 'அக்னி நட்சத்திரம்' கோளாறு. 1988-இல் ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் எடுத்தது. வெளிச்சம் கதிர் கதிராக இறங்கும், லென்ஸுக்குள்ளேயே பாயும். அதற்கு முந்திய வருஷத்து 'நாயகன்' படத்துக்காக அவருக்குத் தேசிய விருது. எங்கள் வீட்டு நடு அறைக்கும் கம்பி போட்ட ஜன்னல் உண்டு, கிழக்கே பார்த்தது, காலை எட்டு மணிக்கு வெயில் விழும். ஆனால் தரையில்தான் விழுந்தது. கதிராக நடுவில் நிற்கவில்லை. படித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: காற்றில் எதன்மீதாவது பட்டுச் சிதறினால்தான் வெளிச்சத்தின் பாதை கண்ணுக்குத் தெரியும். யூனிட்டுகளில் அதற்கு ஸ்மோக் மெஷின் வைத்திருப்பார்கள்.

என்னிடம் சாம்பிராணி இருந்தது.

கால் கிலோ வாங்கி இரண்டு தூபக்காலில் கங்கு போட்டுத் தூவினேன். முதல் ஐந்து நிமிஷம் சொர்க்கம். ஜன்னல் கம்பிக்குக் கம்பி வெளிச்சம் பாளம் பாளமாக வந்து இறங்கியது. 'ரோல்' சொல்ல வாயைத் திறந்தேன்; இருமல் வந்தது. நாயகனுக்கும் வந்தது. அவனுக்கு அந்தக் காட்சியில் ஒரு பக்க வசனம். "நான் உன்னை" என்றதும் ஒரு இருமல், "என்னைக்குமே" என்றதும் இரண்டு. கண்ணீர் வேறு தாரை தாரையாக. அதை மட்டும் நடிப்பில் சேர்த்துக்கொண்டேன். ஃபேனைப் போட்டால் புகை கலைந்து கதிர் செத்துவிடும், போடாவிட்டால் நாயகன் செத்துவிடுவான் போலிருந்தது. எதிர்வீட்டு மாமி வாசலில் நின்று, "என்ன விசேஷம்? சொல்லவே இல்லையே" என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "பையனுக்குத்தான்… கொஞ்சம் மனசு சரியில்ல" என்றாள்.

இதெல்லாம் முடிந்து பார்த்தால் கதிர் அருமையாக வந்திருந்தது. சத்தம்தான். கேமராவில் இருக்கிற மைக்கிலேயே பதிந்ததால் வசனத்தைவிட அடுக்களை நன்றாகக் கேட்டது. வீட்டார் எல்லாரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். அத்தை கடைசிவரை அசையாமல் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன்டா, அந்தக் குக்கர் ஆறு விசில் அடிச்சுருச்சே, யாருமே இறக்கலையா?"

'பேரி லிண்டன்' பாதிப்பில் எடுத்த மூன்றாவது படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1975-இல் ஸ்டான்லி குப்ரிக்கும் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டும் வெறும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் காட்சிகளை எடுத்தார்கள் என்று படித்ததோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு அவர்கள் நாசாவுக்காகச் செய்யப்பட்ட ஸைஸ் கம்பெனி லென்ஸை, 0.7-க்குத் திறக்கக் கூடியதை, வாங்கி மாட்டினார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். கணக்குப் போட்டால் அது என் 1.8 லென்ஸைவிட ஆறு மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். என்னிடம் ஐந்து அகல் விளக்கு. கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டுகிற ஐஎஸ்ஓவை 6400-க்குத் தள்ளினேன். படத்தில் ஆள் இல்லை. இருட்டில் உளுத்தம்பொட்டைக் கொட்டிக் கிளறினாற்போல் ஒரு கொதிப்பு மட்டும். அம்மா வந்து, "கார்த்திகை போயி மூணு மாசமாச்சு, நல்லெண்ணெய் என்ன விலை தெரியுமாடா?" என்றாள்.

நாலாவதுக்கு வங்காளத்துக்குப் போனேன். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ராவைப் பற்றி அறிந்த நாளிலிருந்து எனக்கு ஒரு அசட்டுத் தைரியம். 'பதேர் பாஞ்சாலி' எடுக்க ஆரம்பித்தபோது அவருக்கு இருபது சொச்சம் வயது. அதற்குமுன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. எனக்கும் அனுபவம் இல்லை, அவருக்கும் இல்லை. ஆக நாங்கள் ஒரே ஜாதி! அவர் ழான் ரெனுவாரின் 'தி ரிவர்' படப்பிடிப்புக்குப் போய் விளக்கு எங்கே வைத்தார்கள் என்று வரைபடம் போட்டுக் குறித்துக்கொண்டவர் என்பதும், நான் மிக்சர் கொறித்துக்கொண்டு யூடியூபில் பார்த்தவன் என்பதும் அப்போது பெரிய வித்தியாசமாகப் படவில்லை. 1956-இல் வந்த 'அபராஜிதோ'வில் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் செட் போட்டார்கள். முற்றத்தில் விழ வேண்டியது வானத்து வெளிச்சம். நிழலே இல்லாத வெளிச்சம். மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன்மீது அடித்து, திரும்பி வருகிற வெளிச்சத்தில் எடுத்தார். இன்று எந்த யூனிட்டிலும் "தெர்மாகோல் கொண்டா" என்று கத்துகிறார்களே, அது அந்தத் துணியின் பேரன்தான்.

நானும் அப்பாவின் எட்டு முழ வேட்டியைக் கட்டினேன். வெயிலை அதில் வாங்கி அறைக்குள் திருப்பினேன். நிஜமாகவே மெத்தென்று வந்து விழுந்தது வெளிச்சம். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சுவருக்குக் கிளிப்பச்சை டிஸ்டம்பர். வெளிச்சம் வேட்டியில் பட்டுச் சுவரில் பட்டு நாயகியின் கன்னத்தில் வந்து இறங்கியபோது அந்தப் பெண் ஆறு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தவள் மாதிரி இருந்தாள். தன் கல்யாண ஆல்பத்தோடு இதையும் சேர்த்து வைக்கலாம் என்று நினைத்திருந்தாளாம். பிறகு என் போனை எடுக்கவே இல்லை.

நடுநடுவே சில்லறைப் பிழைகளும் உண்டு. ஆபீஸ் காட்சியில் ஷட்டரை 1/80-இல் வைத்துவிட்டேன். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை துடிக்கும்; இரண்டுக்கும் தாளம் சேரவில்லை. மேனேஜர் முகத்தில் கறுப்புப் பட்டை பட்டையாக ஏறிக்கொண்டே இருந்தது. இன்னொன்றில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட் இரண்டில் ஒன்றை, இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டி வைத்துவிட்டதால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசினார்கள். குடும்பச் சண்டை என்று யாருக்கும் தெரியவில்லை; பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று நினைத்தார்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை ஆட்டிவைத்தது அந்தி வெளிச்சம். டெரன்ஸ் மாலிக்கின் 'டேஸ் ஆஃப் ஹெவன்', 1978. ஒளிப்பதிவு நெஸ்டர் அல்மெண்ட்ரோஸ். ஆஸ்கர் வாங்கிய வேலை. சூரியன் விழுந்தபின் மிச்சமிருக்கும் அந்தச் சொற்ப நேரத்திலேயே பெரும்பகுதியை எடுத்தார்கள். பகலெல்லாம் ஒத்திகை, சாயங்காலம் ஓட்டம். அல்மெண்ட்ரோஸுக்குப் பார்வை மங்கிக்கொண்டிருந்த சமயம் அது. உதவியாளர்களைப் போலராய்டு எடுக்கச் சொல்லி, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் பார்த்துத்தான் வெளிச்சத்தை முடிவு செய்வாராம். எனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

ஊருக்கு வெளியே ஒரு கண்மாய்க் கரையில் ஏற்பாடு. ஆறரைக்குச் சூரியன் விழும், அதன்பின் நிதானமாக எடுக்கலாம் என்று யூனிட்டுக்கு (நாலு பேர்) டீயும் பஜ்ஜியும் சொன்னேன். சூரியன் விழுந்தது. பஜ்ஜி வந்தது. பஜ்ஜியைத் தின்றுவிட்டுத் தலையை நிமிர்த்தினால் எதிரே நாயகன் இல்லை. அவன் வெள்ளைச் சட்டை மட்டும் தனியாக நின்றது. அல்மெண்ட்ரோஸ் எடுத்தது கனடாவின் ஆல்பர்ட்டாவில். அவ்வளவு வடக்கே சூரியன் சாய்வாக, மனசில்லாத மாப்பிள்ளை மாமியார் வீட்டை விட்டுக் கிளம்புகிற மாதிரி இறங்கும். மதுரை பூமத்திய ரேகைக்குப் பத்து டிகிரிதான். இங்கே சூரியன் தேங்காய் விழுகிற மாதிரி நேர்க்குத்தாக விழுகிறது. இருபது நிமிஷம் சொச்சம், அவ்வளவுதான் கணக்கு. அதிலும் கேமராவுக்கு உருப்படியானது முதல் பத்து. அதை நான் பஜ்ஜியில் விட்டேன்.

விட்டதைப் பிடிக்க எடுத்ததுதான் ஏழாவது படம். சென்ற சித்திரையில், எங்கள் மொட்டைமாடியில். அந்தியில் ஒரு பெண் வடகம் அள்ளுகிறாள்; கதை என்று எதுவும் இல்லை, அந்தப் பாவத்தை இந்தத் தடவை செய்யவில்லை. நடிப்பது அத்தை. சூரியன் எந்த இடத்தில் இறங்கும் என்று காட்டுகிற ஆப் ஒன்றைப் போனில் இறக்கி, முதல் நாளே மாடியில் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு மூலையில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டேன்.

அத்தை வடகத் துணியோடு மேலே வந்தார். குறியைப் பார்த்தார்.

"இங்க எதுக்குடா நிக்கச் சொல்ற?"

"இங்கதான் அத்தை வெளிச்சம் வரும். போன் சொல்லுது."

"தைமாசம்னா இங்கிட்டு வரும். சித்திரையில அது தண்ணித் தொட்டிக்கு அங்கிட்டுப் போயிரும்டா. முப்பது வருஷமா இந்தத் துணிய அதுக்குப் பின்னாலயே இழுத்துக்கிட்டு அலையிறேன், எனக்குத் தெரியாதா?"

அத்தை சொன்ன இடத்தில்தான் இறங்கியது. என்றைக்காவது மேல்மாடி கட்டுவோம் என்று அப்பா விட்டுவைத்த கம்பிகள் மூலைக்கு மூலை நீட்டிக்கொண்டிருக்கின்றன; போனின் திசைகாட்டி அந்த இரும்பைப் பார்த்துக் குழம்பியிருக்கிறது. அவசர அவசரமாக ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் ஓடினேன். அத்தை குந்தி உட்கார்ந்து துணியின் ஓரத்தை உதறி வடகத்தை உரித்தார். சேலை நூல் ஒவ்வொன்றிலும் பொன் ஏறியது. முகத்தில் நிழல் எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஃபோகஸ் அட்சரம் பிசகவில்லை. இந்தத் தடவை கண்ணில்தான், காதில் இல்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். வெளிச்சம் வடிந்ததும் பொத்தானை அமுக்கினேன்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஓடிவந்த பரபரப்பில் முதலில் பொத்தானை இரண்டு தரம் அமுக்கியிருக்கிறேன். முதல் அமுக்கில் ஓடத் தொடங்கி, இரண்டாவதில் நின்றுவிட்டது. 'கட்' என்று நினைத்து நான் அமுக்கியபோதுதான் மறுபடி ஓடத் தொடங்கியது.

பதினோரு விநாடி பதிவாகியிருக்கிறது. கேமராவைக் கீழே தொங்கவிட்டபடி நடக்கிறேன். சிமெண்ட் தரை, சிந்திய இரண்டு வடகம், என் இடது கால் செருப்பு. அதன் வார் பிய்ந்து, ஊக்கு குத்தியிருப்பது துல்லியமாக ஃபோகஸில் இருக்கிறது. பின்னாலிருந்து அத்தையின் குரல்: "அவ்வளவுதானா தம்பி? நான் துணிய மடிக்கவா?"

அதையே யூடியூபில் ஏற்றிவிட்டேன். எட்டாவது பார்வை நேற்று விழுந்தது. நான் இல்லை.