மாப்பிள்ளை போட்ட தோட்டம்

வாங்க மாப்ளே, உக்காருங்க. கயித்துக் கட்டல்தான், உங்க பெங்களூரு சோபா மாதிரி அமுங்காது. தோட்டம் போட்டிருக்கீங்கன்னு புள்ள சொல்லுச்சு, நேத்துப் பொழுதோட போய்ப் பாத்துப்போட்டு வந்தேனுங். கேட்டுக்கு ரெண்டு பக்கமும் செவ்வரளி. கெணத்துமேட்டுல மஞ்ச அரளி. வேலி நெட்டுக்கக் காட்டாமணக்கு. பேரன் படுக்கற சன்னலுக்குக் கீழ ஊமத்தை. வெசம்னு ஊருக்குள்ள எதெதைச் சொல்லுவோமோ ஒண்ணு விடாமச் சேத்திருக்கீங்க. காசு குடுத்து வேற வாங்கியிருக்கீங்க.

"ஒரு சொட்டு மருந்து அடிக்கலீங் மாமா, அத்தனையும் இயற்கை"ன்னு பெருமையாச் சொன்னீங்க. அரளிக்கு எதுக்குங் மருந்து? இலை, பூ, பட்டை, வேரு, வெதை, பாலு, எல்லாத்துலயும் அதே மருந்தை வெச்சிருக்குது. ஒண்ணு ரெண்டு புழுவைத் தவுத்து எதுவும் அதைச் சீண்டறதில்லை. அதனாலதான் நாலுவழிச் சாலைக்காரங்க நடுவுல நட்டு வெச்சாங்க. தண்ணி கேக்காது, ஆடு மாடு வாய் வெக்காது, வருசம் பூராப் பூக்கும். நீங்களும் காருல போறப்ப அதைப் பாத்துத்தான் ஆசைப்பட்டிருப்பீங்க.

அது உள்ள போனா வாந்தி வரும், தலை சுத்தும், அப்புறம் நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பிப்போகும். மஞ்ச அரளிக் கொட்டையும் அதே சோலிதான் பாக்கும். 2024 மே மாசம் கேரளாவுல திருவாங்கூர் தேவசம் போர்டே, பிரசாதத்துலயும் நைவேத்தியத்துலயும் அரளிப்பூ வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. சாமிக்கு ஒண்ணும் ஆகாது. கையில வாங்கி வாயில போட்டுக்கறவன் நம்மாளு பாருங்.

"அதெல்லாஞ் செரி மாமா, நீங்க காட்டுல என்னத்தை வெச்சிருக்கீங்க"ன்னுதானே கேக்க வர்றீங்க? கேளுங்க, கேளுங்க. கண்வலிக்கிழங்குதான். மூலனூரு, தாராபுரம் பக்கம் வந்து பாத்தீங்கன்னா, கம்பி கட்டி ஏத்திவிட்ட கொடியில செவப்பும் மஞ்சளுமா எரியும். செங்காந்தள்னு கவர்மெண்டு அதை மாநிலப்பூவாவே வெச்சிருக்குது. அத்தனை பூ இருந்தும் பூவால எனக்கு ஒரு சோலியும் இல்லீங். வெதைக்காகத்தான் இத்தனை பாடு. ஆடியில கிழங்கு ஊனி, ஐப்பசியில பொம்பளையாளுக வெடியால வந்து பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வெச்சாத்தான் காய் நல்லாப் புடிக்கும். காய் பழுத்ததும் பறிச்சு, ஒலத்தி, வெதையை ஏவாரிக்குப் போடறோம். அவன் வெளிநாட்டுக்கு அனுப்பறான். அதுல கால்ச்சிசின்னு ஒரு சரக்கு இருக்குது. உங்கப்பாருக்குக் கால் பெருவெரலு வீங்கி ராத்திரியில கத்துவாருல்ல, அதுக்கு டாக்டரு எழுதற மாத்திரை அதுலருந்துதான் வருது. அரை மில்லிகிராம் மாத்திரை. அதையும் எண்ணி, கிட்னியைச் சோதிச்சுத்தான் குடுக்கறாங்க.

இப்ப அதோட கிழங்கைக் கழுவி ஒரு தட்டுல வெச்சா, நீங்க சேனையோ வள்ளியோன்னு நெனைச்சுப்போட்டு மொளகாப்பொடி தேடுவீங்க. இலங்கையில சக்கரைவள்ளின்னு நெனைச்சு வேக வெச்சுத் தின்னவங்க கதை டாக்டருக பொஸ்தகத்துலயே இருக்குது. வேக வெச்சாலும் அந்த வெசம் சாகாது. இதுல இன்னொரு கூத்துங் மாப்ளே. தின்னதும் ஒண்ணும் பண்ணாது. மொத சில மணி நேரம் சும்மா இருக்கும். "பாத்தீங்களா, கெழவன் சும்மா பயமுறுத்துனான்"னு நீங்க சிரிப்பீங்க. அப்பறம் புடிச்சுக்கும் வாந்தியும் பேதியும். அதோட நிக்காம ரெண்டு மூணு நாள்ல எலும்புக்குள்ள ரத்தம் ஊறற எடத்தையே முடக்கிப்போடும். பொழைச்சு வந்தவனுக்கும் ரெண்டு வாரத்துல தலைமுடி கொத்துக்கொத்தாக் கொட்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லீங், அது மொதலாவே கொட்டிப்போச்சு.

வெசத்தைப் பயிர் பண்ற நான், அது வெசம்னு தெரிஞ்சு பண்றேன். நீங்க மூலிகைன்னு நெனைச்சுப் பண்றீங்க. வித்தியாசம் அவ்வளவுதான்.

"ஆடு திங்கறதை மனுசன் தாராளமாத் திங்கலாம்"னு ஒரு வீடியோ காட்டுனீங்களே, அதை எடுத்தவன் கொறங்காட்டுல ஒரு நாளாச்சும் ஆடு மேச்சிருக்கானாங்? வெள்ளாட்டு வயிறு வேற, உங்க வயிறு வேற. அது காஞ்ச எருக்கந்தழையையே கொறிச்சுப்போட்டுத் தூங்கும். அட, அந்தக் கால்நடைக்கும் எல்லாந் தெரியாதுங். மழையில்லாம வாடிக் கெடக்கற எளஞ்சோளத்துல மாடு பூந்துச்சுன்னா, பல்லைக் கடிச்சுக்கிட்டு அங்கேயே சாஞ்சுபோகும். அதுல ஊறறது சயனைடு. குச்சிக்கிழங்குலயும் அதே சாமான் உண்டு. அதுக்குத்தான் உங்க அத்தை தோலைத் தடிமனாச் சீவி, மூடாம வேக வெச்சு, தண்ணியைக் கொட்டறா. அதுல சத்து போகுதுன்னு நீங்க அவளுக்குப் பாடம் எடுத்தீங்களாமா. அவ வாயை மூடிக்கிட்டாள்னா அது மாப்பிள்ளைங்கற மரியாதைக்கு.

வெளக்கெண்ணெயைக் கேளுங்க. எண்ணெய் நல்லதுதான், குடிச்சா வகுறு சுத்தமாகும். ஆமணக்கு முத்துல இருக்கற ரைசின் எண்ணெயில எறங்காது, புண்ணாக்குல தங்கிப்போகும். அதனாலதான் அந்தப் புண்ணாக்கைச் சும்மா மாட்டுக்கு வெக்காம காட்டுக்கு எருவாப் போடறோம். 1978ல லண்டன்ல பல்கேரியாவுக்காரர் ஒருத்தர், மார்க்கோவ்னு எழுத்தாளரு, பஸ்ஸுக்கு நின்னாராம். எவனோ கொடைக்காரன் பக்கத்துல வந்தான், தொடையில சுருக்குன்னுச்சு. நாலு நாள்ல ஆளு முடிஞ்சுது. குண்டூசித் தலை அளவு குண்டு, அதுக்குள்ள இந்த ரைசின்தான்னு சொல்றாங்க. நம்ம பொடக்காலியில மொளைக்கற சாமானுக்கு அங்க அத்தனை மவுசு.

பேரனுக்காக இதையுஞ் சொல்லணும். வேலியில வெச்சீங்களே காட்டாமணக்கு, பயோடீசல் வரும்னு ஒரு காலத்துல காடு காடா நடச் சொன்ன செடி. டீசலைக் காணோம். கொட்டை மட்டும் பாதாம்பருப்பாட்டம் ருசியா இருக்கும். பள்ளிக்கூடத்துப் புள்ளைக ஒட்டுக்கா உக்காந்து தின்னு, ஒட்டுக்கா வாந்தியெடுத்து, ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கறதைப் பேப்பருல பாத்திருப்பீங்க. வேலின்னா கிளுவை நடுங்க, முள்ளும் இருக்கும். அப்பறம் புள்ளையாருக்குக் கண்ணு வெக்கற குன்றிமணி. முழுசா முழுங்கினா தோலு கெட்டி, பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துரும். மென்னாலோ, மாலை கோக்க ஓட்டை போட்டதாயிருந்தாலோ சமாசாரமே வேற. எருக்கமாலை கட்டறப்பவும் கையைக் கண்ணுல வெக்காதீங்க. அந்தப் பாலு எரியாமலே பார்வையை மங்கடிக்கும், எரியலைங்கறதால ஆளு சும்மா இருந்துருவான். தண்ணியில நல்லாக் கழுவிப்போட்டுக் கண் டாக்டருகிட்ட ஓடணும்.

ஊமத்தைச் சோலி ஒண்ணு பாக்கி. அதைத் தின்னவன் வாய் காஞ்சு, கண்ணுமணி விரிஞ்சு, இல்லாத ஆளுகூடப் பேசிக்கிட்டு, துணியை இழுத்து இழுத்து நோண்டுவான். ஊருக்குள்ள பேய் புடிச்சிருச்சுன்னு உடுக்கை அடிக்க ஆளைக் கூப்புடுவாங்க. கூப்புட வேண்டியது 108ஐ. உப்புத்தண்ணி, புளித்தண்ணி, வெரலை விட்டு வாந்தி, அந்த வைத்தியமெல்லாம் வேண்டாம், பொறையேறிப் போயிரும். தின்ன செடியில ஒரு கொப்பு ஒடிச்சுக் கூடவே கொண்டு போங்க. டாக்டரு என்ன செடின்னு கேக்கறப்ப "பச்சையா இருந்துச்சுங்"ன்னு நீங்க நிக்கக் கூடாது பாருங்.

சித்த வைத்தியரு சேராங்கொட்டையும் எட்டிக்கொட்டையும் மருந்தாக் குடுக்கறாரேன்னு கேட்டீங்க. அவரு அதைச் சுத்தி பண்ணக் கத்துக்கவே பாதி ஆயுசு போச்சு. உங்களுக்கு வாட்ஸப்புல வந்தது ரெண்டு நிமிசம். அதுலயும் பாதி பாட்டு.

செரிங், காப்பித்தண்ணி வருது. நாளைக்கு வெடியால மகரந்தம் வெக்க ஆளு பத்தலை, தோட்டத்து மேல இத்தனை ஆசைப்படறவரு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, கூலியும் போட்டுத் தர்றேன். வேலை முடிஞ்சு சோப்புப் போட்டுக் கையைக் கழுவாம எம்பட முறுக்கைத் தொட்டீங்கன்னா மட்டும் மாப்பிள்ளைன்னு பாக்கமாட்டேன். அந்தச் சன்னலுக்குக் கீழ இருக்கறதை இன்னைக்கே புடுங்கிருங்க, வேரோட. கையுறை போட்டுக்கங்க. புடுங்கினதை ஆட்டுப்பட்டிப் பக்கம் எறிஞ்சுப்போடாதீங்க.