வாழ்க ஃபார்ம்ஹவுஸ் சிங்க்

சாமல்பட்டிக்காரர்களுக்கு ரசனை இல்லை என்று இனி ஒருவரும் வாய் திறக்க முடியாது. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரைக்குப் போகும் வழியில், ஒரு ரயில் நிலையமும் சுற்றிலும் மாந்தோப்புமாகக் கிடந்த ஊருக்கு ஃபார்ம்ஹவுஸ் சிங்க் வந்து சேர்ந்துவிட்டது. சமையல் மேடையின் முன்விளிம்பையே வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எவர்சில்வர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்குமே, அதுதான். முன்னால் தொங்கும் தகட்டுக்கு ஏப்ரன் என்று பெயர். சிங்க்கே ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கும்போது, வீட்டு ஆண்கள் கட்டவில்லையே என்று இனி யாரும் குறைப்பட வேண்டாம்.

என் பெரியம்மா மகன் கட்டிய வீட்டில் இருப்பதைத்தான் நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். 30 அங்குல நீளம், 20 அங்குல அகலம், 10 அங்குல ஆழம். அதைத் தேர்ந்தெடுத்த விதம் நாடாளுமன்றக் குழுக்களுக்கே பாடம். வீட்டைக் கட்டிய இன்ஜினியர் கருத்துச் சொன்னார். ஓசூரிலிருந்து வந்த இன்டீரியர்காரர் லேப்டாப்பில் முப்பரிமாணப் படம் காட்டினார். படத்தில் சிங்க்குக்குள் இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு பூங்கொத்தும் இருந்தன. வாஸ்து பார்ப்பவர் அடுப்புக்கு அக்கினி மூலையும் தண்ணீருக்கு ஈசானியமும் குறித்துக் கொடுத்தார். அண்ணன் ஓசூர் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர், மூன்று கொட்டேஷன் வாங்கினார். அண்ணிக்குப் போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலை. காலை ஷிஃப்ட் என்றால் விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்துவிடும், ஆகவே அவரைக் கேட்க நேரம் வாய்க்கவில்லை. பெரியம்மாவைக் கேட்கவே இல்லை. அதுவும் நியாயம்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறவருக்கு இந்த விஷயத்தில் நடுநிலை எங்கிருந்து வரும்?

தகட்டின் கனத்தை அண்ணன் ஆராய்ந்த அழகையும் சொல்லியாக வேண்டும். இதில் கேஜ் என்று ஒரு கணக்கு. எண் ஏற ஏறத் தகடு மெலியும். 16 கேஜ் என்றால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர், 18 என்றால் 1.2, 20 என்றால் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. தெரியாதவர் 20ஐப் பெரிதென்று நினைத்து வாங்கிப்போவார், கடைக்காரரும் அந்த மகிழ்ச்சியைக் கெடுக்கமாட்டார். கம்பெனியில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்காமல் ஒரு வாஷரைக்கூட உள்ளே விடாத அண்ணன், கடையில் சிங்க்கை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். 'டங்' என்று கனமான சத்தம். திருப்தி. அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டையின் வேலையே சத்தத்தை அமுக்குவதுதான், எவ்வளவு மெல்லிய தகட்டுக்கும் அது கம்பீரக் குரல் கொடுக்கும் என்று குறுக்கே பேச, நல்ல வேளை, அங்கே நான் இல்லை.

அடுத்தது காந்தப் பரீட்சை. இதைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்கலாம். கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துத் தொட்டியில் வைப்பார். அது வழுக்கி விழும். "பாத்துக்குங்க சார், த்ரீ நாட் ஃபோர்" என்பார். 304 என்பது ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த எவர்சில்வர். காந்தம் ஒட்டாது, உண்மை. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றிச் செய்யும் 200 வரிசைத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது. விலையில் குறைந்ததும் உப்பிலும் புளியிலும் சீக்கிரம் புள்ளி விழுவதும் அதுதான். இன்னும் வேடிக்கை ஒன்று உண்டு. அசல் 304 தகட்டையே மடக்கியோ அழுத்தியோ தொட்டியாக்கும்போது, வளைந்த மூலைகளில் உலோகத்தின் உள்ளமைப்பு மாறி லேசாகக் காந்தம் பிடிக்கத் தொடங்கும். ஆக, அசல் சில சமயம் தோற்கும், மட்டமானதும் தேறிவிடும். இப்படி ஒரு பரீட்சை நம் ஊரில் செல்வாக்கோடு இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சாமல்பட்டியில் ரயிலேறி மொரப்பூர் வழியாகப் போனால் சேலம். அங்கே 1980களின் தொடக்கத்திலிருந்து செயில் நிறுவனத்தின் உருக்காலை எவர்சில்வர் தகடு உருட்டுகிறது. எந்த ஆலைத் தகடானாலும் குரோமியம் எவ்வளவு, நிக்கல் எவ்வளவு என்று எழுதிய சோதனைச் சான்றிதழ் உண்டு. வீட்டு எவர்சில்வர் சிங்க்குக்கென்றே ஐஎஸ் 13983 என்று ஒரு இந்தியத் தரநிலையும் இருக்கிறது. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அண்ணன் எதையும் கேட்கவில்லை. காந்தம் விழுந்த பிறகு காகிதம் கேட்பது மரியாதையில்லை. என்றைக்காவது அந்தத் தொட்டி பழைய இரும்புக்கடைக்குப் போகும். நிக்கல் உள்ளதற்கு ஒரு விலை, இல்லாததற்கு ஒரு விலை என்று அந்தக் கடைக்காரர் கறாராகச் சொல்லிவிடுவார். அதுவரைக்கும் அது 304தான்.

மேடைக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் கப்பலேறி எந்தெந்த நாட்டுச் சமையலறைக்கெல்லாமோ மேடையாகப் போகிறது. அண்ணன் வீட்டு மேடையும் நல்ல கல்தான், ஒரே பலகை. மேடை போட்ட பிறகுதான் சிங்க் வந்தது. மேஸ்திரி கட்டிங் மெஷினை வைத்து முன்விளிம்பை அரை நாள் அறுத்தார். வீடு முழுக்க மாவு மில் மாதிரி வெள்ளைப் புழுதி. கோடிக்கணக்கான வருஷக் கல் விலகி, ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டுக்கு வழிவிட்டது. தண்ணீர் நிறைந்தால் தாங்கவேண்டுமே என்று அடியில் இரும்புச் சட்டம் ஒன்று வைத்தார்கள். அலமாரிக் கதவின் உயரத்தைக் குறைத்தார்கள். பிளம்பர் வந்து வேஸ்ட் பைப்பை இடம் மாற்றினார். ஒரு தொட்டி இத்தனை பேருக்குக் கூலி கொடுத்தது. ஊருக்கு உழைப்பது என்றால் இதுதான்.

இந்த வடிவத்தின் பூர்வீகம் பிரிட்டன், அயர்லாந்துப் பக்கம். சுட்ட களிமண்ணுக்கு வெள்ளைப் பூச்சுக் கொடுத்த கனமான தொட்டிகள். பெல்ஃபாஸ்ட் என்ற நகரத்தின் பெயரே அதில் ஒரு வகைக்கு உண்டு. குழாய் இல்லாத காலத்தில், சுமந்து வந்த தண்ணீரை ஊற்றி வைத்துக் காய்கறியும் துணியும் பாத்திரமும் எல்லாம் அதிலேயே அலசினார்கள். ஆகவே அகலம், ஆழம். தண்ணீரைச் சேமித்தவர்களின் தொட்டியை, மோட்டார் சுவிட்சைத் தட்டுகிற நாம் வாங்கியிருக்கிறோம். ஃபார்ம்ஹவுஸ் என்ற பெயருக்கும் பழுதில்லை. வீடு கட்டும் செலவுக்கு அண்ணன் விற்றது ரோட்டோரம் இருந்த ஒன்றரை ஏக்கர். நிலம் போனாலும் பண்ணை அடுக்களைக்குள் வந்துவிட்டதே!

அதன் கொள்ளளவையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளளவு ஏறத்தாழ 75 லிட்டர். 2019ல் வந்த ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. குடிக்க, குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து. சிங்க்கை ஒரு தரம் நிரப்ப வேண்டுமானால் பக்கத்து வீட்டில் 20 லிட்டர் கடன் கேட்க வேண்டும். அதுவும் எந்த மாவட்டத்தில்? போர் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடால் பல் கறைபட்டு, அதற்காகவே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013ல் பெற்ற தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில். நல்ல தண்ணீர் குடத்தில் மூடி வைக்கப்படுகிறது. சிங்க்குக்குப் போர் தண்ணீர்தான். கார்பனடைட் என்ற சுண்ணச் சத்து மிகுந்த அரிய பாறைக்காக நிலவியல்காரர்கள் கட்டுரைகளில் எழுதும் ஊர் சாமல்பட்டி. இங்கே நிலத்தடித் தண்ணீர் மென்மையாக இருந்தால்தான் அதிசயம். தெறித்த ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளைப் பொட்டாகிறது. நேர்க்கோடாக இழைத்த மங்கல் பளபளப்பில் அந்தப் பொட்டுகள் எடுத்துக்காட்டும் அழகே தனி. முன்பு வாசலில் மட்டும்தான் கோலம்.

ஆகவே இன்டீரியர்காரர் ஒரு விதிமுறை சொல்லிப்போனார். கம்பி நார் ஆகாது. அதிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்கு தொட்டியில் ஒட்டித் துருவாகத் தெரியும். பிளீச்சிங் பவுடர் ஆகாது; குளோரின் தகட்டைத் தின்னும். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் காப்பது அதன் மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடு ஏடு. கண்ணுக்கே தெரியாத அந்த ஏட்டைப் பகைத்துக்கொள்ளக் கூடாது. மெத்தென்ற ஸ்பாஞ்சால் இழை போன திசையிலேயே துடைக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். பாத்திரம் கழுவச் சிங்க் வாங்கினார்கள், சிங்க்கைக் கழுவ அண்ணி ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினார். மூலைகள் வெட்டிவைத்தது போல் நேராக இருப்பதால் சோற்றுப் பருக்கைகளுக்கும் அங்கே நிரந்தர இருப்பிடம் கிடைத்தது. பழைய உருண்டை மூலைத் தொட்டிகள் பருக்கையை விரட்டியடித்த கொடுமை இதில் கிடையாது.

இவ்வளவும் முடிந்து, கிரகப்பிரவேசத்தன்று பெரியம்மாவை அழைத்துவந்து காட்டினார்கள். விளிம்பைத் தடவிப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான்டா இருக்குது. இதுல எங்க குந்திக்கினு தேய்க்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கேள்வியாகத்தான் கேட்டார். அந்த வீட்டில் ராத்திரிக்கு ராகிக் களி. களிக் குண்டானின் அடியில் ஒட்டும் காந்தல் ஸ்பாஞ்சுக்கு அசையாது. புறக்கடைக் குழாயடியில் மணை போட்டு உட்கார்ந்து, குண்டானை இரண்டு பாதத்துக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து, கரண்டிக் காம்பால் சுரண்டி, சாம்பலும் கம்பி நாருமாக வட்டம் போட்டால்தான் விடும். ஐந்தடிக்கும் குறைந்த பெரியம்மா 34 அங்குல மேடை முன்னால் நின்று, 10 அங்குலம் கீழே கிடக்கும் குண்டானை எட்டிக் குனிந்தால் இடுப்பு போகும், புடவை முன்புறம் ஏப்ரனில் ஒட்டி நனையும். சாதாரண சிங்க்கைவிட இதில் உடம்பைத் தொட்டிக்கு நெருக்கமாகக் கொண்டுபோகலாம், எட்ட வேண்டிய தூரம் குறையும் என்பது மெய்யான சௌகரியம், அதை மறைக்கக் கூடாது. பெரிய குண்டான் முழுசாக உள்ளே இறங்கும் என்பதும் மெய். இறங்கிய குண்டானைத் தேய்க்க யார் உள்ளே இறங்குவது என்பதை மட்டும் அந்த முப்பரிமாணப் படம் காட்டவில்லை.

இப்போது ஏற்பாடு சுமுகமாக நடக்கிறது. டீ டம்ளர்கள் சிங்க்கில். மற்றதெல்லாம் புறக்கடையில், பழைய கருங்கல் பலகையின் மேல். விருந்தாளி வந்தால் அண்ணன் சமையலறைக்கு அழைத்துப்போய் முன்தகட்டில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டுகிறார், 'டங்' என்று அதே சத்தம்.

சிங்க்குக்கு ஆயுள் முழுக்க வாரண்டி உண்டு. அட்டையை நிதானமாகப் படித்தேன். கீறல் விழுந்தால் வாரண்டி செல்லாது. உப்புத் தண்ணீர்க் கறைக்குச் செல்லாது. கம்பி நார், பிளீச்சிங் பவுடர், கனமான பாத்திரம் விழுந்த நசுங்கல், தேய்மானம் எதற்கும் செல்லாது. எதற்குத்தான் செல்லும் என்று தேடிப் பார்த்தால், இன்றைக்கு அண்ணன் வீட்டில் அதை வைத்திருக்கிற விதத்துக்கு முழுசாகச் செல்லும்.